தக்காளிப் பெட்டியில் எந்த ஊர்ப் பெயர்? மொராக்கோ – ஐரோப்பிய ஒன்றிய வழக்கின் பின்னணி

2024 அக்டோபர் 4 அன்று லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மொராக்கோவுக்குத் தெற்கே, யாருக்குச் சொந்தம் என்ற தகராறு தீராத மேற்கு சகாராவையும் உள்ளடக்கி மொராக்கோவுடன் ஒன்றியம் செய்த இரண்டு ஒப்பந்தங்களும், ஒன்று வேளாண் வணிகம், மற்றது மீன்பிடி, சட்டப்படி நிற்காது என்றது. வணிகத்துக்கு மட்டும் ஓராண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது, 2025 அக்டோபர் 3 அன்று, அதே இரு தரப்பும் பெரும்பாலும் அதே சலுகைகளோடு புதிய ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. அதே மாதக் கடைசியில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம், மேற்கு சகாராவுக்குத் தன் இறையாண்மைக்குள் தன்னாட்சி தருவதாகச் சொல்லும் மொராக்கோவின் திட்டத்தை அடிப்படையாக வைத்துப் பேச்சு நடத்தச் சொன்னது.

நீதிமன்றம் கூடாது என்ற ஒன்று ஒரே ஆண்டில் எப்படித் திரும்பி வந்தது? யார் சொன்னது செல்லும்? இதற்கு விடை வேண்டுமானால் அடியிலிருந்து வரவேண்டும்.

ஒட்டியிருக்கும் அண்டை

ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே சுமார் 14 கிலோமீட்டர்தான். செயுத்தா, மெலில்லா என்ற இரண்டு ஸ்பானிய நகரங்கள் மொராக்கோ கரையிலேயே இருப்பதால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மொராக்கோவுடன் தரைவழி எல்லையும் உண்டு.

மொராக்கோ ஒருமுறை ஒன்றியத்தில் சேரவே விண்ணப்பித்தது. 1987-ல் மன்னர் இரண்டாம் ஹசன் கொடுத்த அந்த விண்ணப்பம், மொராக்கோ ஐரோப்பிய நாடு அல்ல என்ற காரணத்தால் ஏற்கப்படவில்லை. உறுப்பினராக முடியாது, ஆனால் சந்தைக்குள் வரலாம் என்ற வழி அதன்பின் மெல்ல மெல்லத் திறந்தது. 1996-ல் கையெழுத்தான இணைவு ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2008-ல் 'மேம்பட்ட தகுதி' கிடைத்தது. 2012 அக்டோபர் 1 முதல் காய்கறி, பழம், மீன் பொருட்களுக்கான சுங்கச் சலுகைகள் விரிந்தன. இன்று மொராக்கோவின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி ஐரோப்பிய ஒன்றியம்தான். டான்ஜியர் அருகே ரெனோ கார் ஆலையும், கெனித்ராவில் பூஜோ கார் ஆலையும் ஐரோப்பியச் சந்தையை நம்பி எழுந்தவை.

சிக்கல் இந்தக் கார்களில் இல்லை. இணைவு ஒப்பந்தம் 'மொராக்கோ ராச்சியத்தின் நிலப்பரப்புக்கு' பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. அந்த நிலப்பரப்பு தெற்கே எங்கே முடிகிறது என்று அதில் எழுதவில்லை.

எழுதாமல் விட்ட எல்லை

மேற்கு சகாரா 1976 வரை ஸ்பெயினின் காலனி. சுமார் 2,66,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. பெரும்பகுதி பாலை. ஆனால் கடற்கரை நெடுக மீன்வளம், பூ கிரா என்ற இடத்தில் பாஸ்பேட் சுரங்கம்.

1975 அக்டோபரில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. சில பழங்குடிகளுக்கும் மொராக்கோ சுல்தானுக்கும் விசுவாச உறவு இருந்தது உண்மை; ஆனால் அது நிலத்தின் மேல் இறையாண்மை ஆகாது, மக்களின் சுயநிர்ணய உரிமையை அது தடுக்காது என்றது. அடுத்த மாதமே மொராக்கோ சுமார் 3,50,000 பேரை எல்லை தாண்டி நடக்க வைத்தது. அதன் பெயர் 'பசுமை நடை'. ஸ்பெயின் வெளியேறியது. அந்த மண்ணின் மக்களான சகராவிகளின் விடுதலை இயக்கமான பொலிசாரியோ முன்னணி போரிட்டது. 1991-ல் போர் நிறுத்தம் வந்தது. சுதந்திரமா, மொராக்கோவுடன் இணைப்பா என்று பொதுவாக்கெடுப்பு நடத்த ஐ.நா. ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. யார் வாக்காளர் என்பதிலேயே தகராறு வந்ததால் அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. 2020 நவம்பரில் போர் நிறுத்தமும் முறிந்தது.

நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை மொராக்கோ வைத்திருக்கிறது. நடுவே சுமார் 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் அரணும் கண்ணிவெடிகளும். மிச்சப் பகுதி பொலிசாரியோவிடம். ஐ.நா. பட்டியலில் மேற்கு சகாரா இன்றும் 'தன்னாட்சி பெறாத நிலப்பகுதி', அதாவது காலனி நீக்கம் முடியாத இடம். (இந்தியாவும் இதில் ஊசலாடிய நாடுதான்: பொலிசாரியோ அறிவித்த சகராவி குடியரசை 1985-ல் அங்கீகரித்து, 2000-ல் அதைத் திரும்பப் பெற்றது.)

'மக்கள்' என்ற சொல்லுக்குள் இரண்டு பேர்

இந்த வழக்கின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. தமிழில் இதைப் புரிந்துகொள்வது கொஞ்சம் சிரமம். ஏனென்றால் இரண்டு வேறு பொருள்களுக்கு நாம் 'மக்கள்' என்ற ஒரே சொல்லைப் போடுகிறோம். 'மதுரை மக்கள்' என்றால் இன்று மதுரையில் குடியிருப்பவர்கள். 'பாலஸ்தீன மக்கள்' என்றால் அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமல்ல, லெபனான் முகாமில் பிறந்து அந்த மண்ணை ஒருமுறைகூடப் பார்க்காதவரும் சேர்த்திதான். முதலாவதை 'குடியிருப்போர்' என்றும், இரண்டாவதை 'மக்களினம்' என்றும் இங்கே பிரித்துக்கொள்வோம். சுயநிர்ணய உரிமை மக்களினத்துக்கு உரியது, குடியிருப்போருக்கு அல்ல.

மேற்கு சகாராவில் இந்த இரண்டும் இன்று ஒன்றல்ல. மொராக்கோ வசம் உள்ள பகுதியில் குடியிருப்போரில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள். சகராவி மக்களினத்தில் பெரும் பகுதி அல்ஜீரியாவின் தின்தூப் அருகே அகதி முகாம்களில் இருக்கிறது. அந்த முகாம்களுக்கு விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்: லாயூன், ஸ்மாரா, தாக்லா, பூஜ்தூர், அவ்செர்த். ஆக, தாக்லா என்ற பெயரில் இரண்டு இடங்கள். கடலோரத் தாக்லாவில் பசுமைக்குடிலில் தக்காளி விளைகிறது. அல்ஜீரியப் பாலைவனத்துத் தாக்லாவில் நிவாரண மாவுக்கு வரிசை நிற்கிறது. தக்காளி ஒப்பந்தத்துக்கு யாரிடம் சம்மதம் கேட்பது?

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முதல் தாக்லாவில் கேட்டது. நீதிமன்றம் இரண்டாவது தாக்லாவையும் கேட்டிருக்க வேண்டும் என்றது. பத்தாண்டு வழக்கின் சாரம் அவ்வளவுதான்.

வழக்கு நடந்த வரிசை

1. 2015 டிசம்பர். 2012 வேளாண் ஒப்பந்தத்தை எதிர்த்துப் பொலிசாரியோ போட்ட வழக்கில், ஒன்றியத்தின் கீழ் அமர்வான பொது நீதிமன்றம் அதை மேற்கு சகாரா அளவில் ரத்து செய்தது.

2. 2016 டிசம்பர். மேல்முறையீட்டில் பொலிசாரியோ தோற்றது. ஆனால் தோற்ற விதம் வெற்றியைவிடப் பெரியது. மேற்கு சகாரா மொராக்கோவிலிருந்து 'தனித்த, வேறான' தகுதி கொண்டது, ஆகவே ஒப்பந்தம் அங்கே பொருந்தவே பொருந்தாது என்று மேல் நீதிமன்றம் சொன்னது. பொருந்தாத ஒன்றை ரத்து செய்ய வேண்டியதில்லை என்பதால்தான் மனு தள்ளுபடி. இரண்டு பேர் செய்யும் ஒப்பந்தம் மூன்றாவது நபரைக் கட்டாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அரிச்சுவடி. மேற்கு சகாரா மக்களினம் அந்த மூன்றாவது நபர் என்று நீதிமன்றம் முதன்முறை எழுதியது.

3. 2018 பிப்ரவரி. இதே தர்க்கம் கடலுக்கும் போனது: மீன்பிடி ஒப்பந்தம் மேற்கு சகாராவை ஒட்டிய நீர்ப்பரப்புக்குப் பொருந்தாது.

4. 2018–2019. ஆணையம் ஒரு வழி கண்டது. கடிதப் பரிமாற்றம் மூலம் ஒப்பந்தத்தைத் திருத்தி, மொராக்கோ சுங்கத்துறையின் கண்காணிப்பில் உள்ள மேற்கு சகாராப் பொருட்களுக்கும் அதே சலுகை உண்டு என்று வெளிப்படையாக எழுதியது. சம்மதத்துக்குப் பதிலாக, அங்குள்ள அமைப்புகளையும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளையும் கலந்து பேசியதாகச் சொன்னது. மீன்பிடிக்கும் புதிய ஒப்பந்தம் வந்தது.

5. 2021 செப்டம்பர். கலந்து பேசுவது வேறு, சம்மதம் பெறுவது வேறு என்று சொல்லிப் பொது நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது.

6. 2024 அக்டோபர். மேல் அமர்வு அந்த ரத்தை உறுதி செய்தது. ஆணையமும் உறுப்பு நாடுகளின் மன்றமும் செய்த மேல்முறையீடு தோற்றது.

2024 தீர்ப்பு மூடிய கதவும் திறந்த சன்னலும்

வெளியான செய்திகளில் பெரும்பாலானவை பாதியை மட்டுமே சொன்னதால், இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மூடிய கதவு: குடியிருப்போரிடம் கேட்டது மக்களினத்தின் சம்மதம் ஆகாது. பொலிசாரியோ இந்த நீதிமன்றத்தில் வழக்காட உரிமை உள்ள தரப்பு.

திறந்த சன்னல்: சம்மதத்தை எழுத்தில் வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. சில நிபந்தனைகள் நிறைவேறினால் சம்மதம் இருப்பதாக 'அனுமானிக்கலாம்'. அந்த நிபந்தனைகள்:

1. ஒப்பந்தம் அந்த மக்களினத்தின் மீது எந்தக் கடமையையும் சுமத்தக்கூடாது.

2. அவர்களுக்குத் துல்லியமான, கண்ணுக்குத் தெரிகிற, கணிசமான, சரிபார்க்கத்தக்க பலன் கிடைக்க வேண்டும். எடுக்கப்படும் வளத்தின் அளவுக்கு ஈடாக அது இருக்க வேண்டும்.

3. பலன் உண்மையில் போய்ச் சேருகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்க ஓர் ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

2019 ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட பலன் எதுவும் இல்லை. வரிச்சலுகை ஏற்றுமதியாளருக்குத்தான் போனது. அதனால் அது விழுந்தது. ஆனால் எதை எழுதினால் நிற்கும் என்ற குறிப்பும் அதே தீர்ப்பிலேயே இருந்தது. பிறகு ஆணையம் நுழைந்தது இந்தச் சன்னல் வழியாகத்தான்.

ஒரு லாரித் தக்காளியின் கணக்கு

வரிச்சலுகை என்று சொல்லிவிட்டுப் போனால் அதன் கனம் தெரியாது. ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம்.

ஐரோப்பிய ஒன்றியம் தக்காளிக்கு 'நுழைவு விலை' என்ற முறையை வைத்திருக்கிறது. வெளிநாட்டுத் தக்காளி அந்த விலைக்குக் கீழே வந்தால் கூடுதல் வரி விழும். உள்ளூர் விவசாயியை மலிவு இறக்குமதியிலிருந்து காக்கும் வேலி அது. விலை மாதத்துக்கு மாதம் மாறும். ஜனவரி முதல் மார்ச் வரை பொது நுழைவு விலை 100 கிலோவுக்கு 84.6 யூரோ. மொராக்கோவுக்கு மட்டும், 2012 ஒப்பந்தப்படி, அக்டோபர் முதல் மே வரை குறிப்பிட்ட அளவு தக்காளிக்கு நுழைவு விலை 46.1 யூரோ. அந்த ஒதுக்கீடு 2,85,000 டன் வரை உயர்த்தப்பட்டது.

பிப்ரவரியில் 20 டன் ஏற்றிய லாரி வருகிறது. மதிப்பு 100 கிலோவுக்கு 60 யூரோ என்று வைத்துக்கொள்வோம்.

1. சலுகை உண்டென்றால்: 60 என்பது 46.1-ஐவிட அதிகம். கூடுதல் வரி இல்லை. ஒதுக்கீட்டுக்குள் வந்தால், சரக்கின் மதிப்பில் விழுக்காடாகப் போடும் மதிப்பு வரியும் இல்லை.

2. சலுகை இல்லையென்றால்: 60 என்பது 84.6-ஐவிட மிகக் குறைவு. 100 கிலோவுக்கு 29.8 யூரோ முழுக் கூடுதல் வரி. 200 மடங்கு என்றால் 5,960 யூரோ. அதன்மேல் 12,000 யூரோ மதிப்புக்கு 8.8 விழுக்காடு, 1,056 யூரோ. மொத்தம் 7,016 யூரோ.

சரக்கின் மதிப்பே 12,000 யூரோ. அதில் பாதிக்கு மேல் வரியாகப் போனால் அந்த லாரி கிளம்பவே கிளம்பாது. தாக்லாவின் செர்ரித் தக்காளியும் ஷரோந்தே வகை முலாம்பழமும் நிற்பது இந்தச் சலுகையின் மேல்தான். 'மேற்கு சகாராவுக்குப் பொருந்தாது' என்று நீதிமன்றம் சொன்னதும் மொராக்கோ அரசு ஏன் கொதித்தது, ஸ்பெயின் அல்மேரியாவின் தக்காளி விவசாயிகள் ஏன் உன்னிப்பாகக் கவனித்தார்கள் என்பது இப்போது புரியும்.

எங்கே தவறுகிறது என்றால், சுங்கச்சாவடியில். சரக்கு எங்கே விளைந்தது என்று சொல்லும் மூலச் சான்றிதழைக் கொடுப்பது மொராக்கோ சுங்கத்துறை. மொராக்கோவின் அகாதிர் நகரிலிருந்து தாக்லா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது. அங்கே பறித்த காய் வடக்கே போய்ப் பொதியிடப்பட்டால், 'மொராக்கோ' என்று ஒட்டிய பெட்டிக்குள் எந்த நிலத்துக் காய் இருக்கிறது என்று ஐரோப்பியத் துறைமுக அதிகாரியால் பார்த்துச் சொல்ல முடியாது. காகிதம் சொல்வதைத்தான் அவர் நம்ப வேண்டும்.

லேபிள் வழக்கு

அதே 2024 அக்டோபர் 4 அன்று வந்த மூன்றாவது தீர்ப்பு பலர் கண்ணில் படவில்லை. பிரான்சின் விவசாயிகள் சங்கமான கான்ஃபெடராசியோன் பெய்சான் தொடுத்த வழக்கு அது. மேற்கு சகாராவில் விளைந்த முலாம்பழத்தையும் செர்ரித் தக்காளியையும் மொராக்கோ என்று எழுதி விற்பதைப் பிரான்ஸ் தடை செய்யவேண்டும் என்று சங்கம் கேட்டது.

நீதிமன்றம் இரண்டாகப் பிரித்துச் சொன்னது. ஓர் உறுப்பு நாடு தன்னிச்சையாக இறக்குமதியைத் தடை செய்ய முடியாது. வணிகக் கொள்கை ஒன்றியத்தின் அதிகாரம். ஆனால் பெட்டியில் 'மேற்கு சகாரா' என்று மட்டுமே எழுத வேண்டும். மொராக்கோ என்று எழுதுவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும்.

வாங்குபவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்ற இந்த எளிய வாக்கியம், மொராக்கோவுக்குச் சுங்கவரியைவிடக் கசப்பானது. ஐரோப்பியக் கடை ஒவ்வொன்றிலும் அந்த நிலத்தின் பெயர் தனியாக எழுதப்பட்டு நிற்கும் அல்லவா?

மீன்: பேச்சில்லாமல் கரைக்குத் திரும்பிய படகுகள்

2019-ன் மீன்பிடி ஒப்பந்தம் ஒன்றியத்தின் 128 படகுகளுக்கு அனுமதி தந்தது. நான்கு ஆண்டுக்குச் சுமார் 208 மில்லியன் யூரோ மதிப்பு. படகுகளில் பெரும்பாலானவை ஸ்பெயினுடையவை. பிடித்த மீனில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மேற்கு சகாரா நீர்ப்பரப்பிலிருந்து வந்தது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் ஒப்பந்தத்தில் மிச்சம் எதுவும் இல்லை. அதன் நடைமுறை ஆவணம் 2023 ஜூலை 17-ல் காலாவதியானது. தீர்ப்பை எதிர்பார்த்து யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால்தான் 2024 தீர்ப்பு மீன்பிடிக்கு அவகாசம் எதுவும் தரவில்லை. நிறுத்துவதற்கு ஏதும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

2025 ஏற்பாடு என்ன செய்கிறது?

2025 செப்டம்பரில் உறுப்பு நாடுகள் பேச்சு நடத்த அனுமதி கொடுத்தன. சில வாரங்களில் முடிந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் தற்காலிகமாக நடைமுறைக்கும் வந்தது. அதன் உள்ளடக்கம் மூன்று.

முதலாவது, மேற்கு சகாராப் பொருட்களுக்கு மொராக்கோ பொருட்களின் அதே வரிச்சலுகை.

இரண்டாவது, பலன். அந்தப் பகுதியில் நீர், எரிசக்தி போன்ற துறைகளுக்கு ஒன்றியத்தின் நிதி. தின்தூப் முகாம்களில் இருப்போருக்கும் உதவி. சம்மதத்தை அனுமானிக்க நீதிமன்றம் கேட்ட 'பலன்' இதுதான் என்பது ஆணையத்தின் வாதம்.

மூன்றாவது, லேபிள். பெட்டியில் 'லாயூன்–சாகியா எல் ஹம்ரா' அல்லது 'தாக்லா–வாதி அல்-தஹப்' என்று விளைந்த வட்டாரத்தின் பெயர் இருக்கும். இவை மொராக்கோ அரசு தன் நிர்வாகத்துக்காகப் பிரித்த வட்டாரங்களின் பெயர்கள். 'மேற்கு சகாரா' என்ற பெயர் பெட்டியில் இல்லை.

இந்த மூன்றிலும் பலவீனம் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. சம்மதத்தை அனுமானிப்பது, சம்பந்தப்பட்டவர் வாய் திறக்காதபோது செய்வது. பொலிசாரியோவோ வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மீண்டும் நீதிமன்றம் போவதாகவும் அறிவித்தது. நாட்டின் பெயரை எழுதச் சொன்ன தீர்ப்புக்கு வட்டாரப் பெயர் பதிலாகுமா என்பது தனிக் கேள்வி. 2025 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் லேபிள் விதிமாற்றத்தை நிராகரிக்கும் தீர்மானம் தேவையான பெரும்பான்மைக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்து தோற்றது. அல்மேரியா விவசாயியின் கவலையும் சகராவி உரிமையின் ஆதரவும் அந்த வாக்குகளில் கலந்திருந்தன.

ஒன்றியம் ஏன் விட்டு விலகவில்லை?

2021 மே 17, 18 ஆகிய இரண்டு நாட்களில் சுமார் 8,000 பேர் மொராக்கோவிலிருந்து செயுத்தாவுக்குள் நீந்தியும் நடந்தும் நுழைந்தார்கள், பலர் சிறுவர்கள். பொலிசாரியோ தலைவர் பிராஹிம் காலிக்கு ஸ்பெயின் தன் மருத்துவமனையில் சிகிச்சை அளித்ததில் மொராக்கோ கோபமாக இருந்த நேரம் அது. மொராக்கோவின் எல்லைக் காவலர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த மார்ச்சில் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சாஞ்செஸ், 2007-ல் மொராக்கோ வைத்த தன்னாட்சித் திட்டமே மிகத் தீவிரமான, நடைமுறைக்கு ஒத்த, நம்பத்தக்க அடிப்படை என்று எழுதினார். 2024 ஜூலையில் பிரான்ஸ் அதே பக்கம் சாய்ந்தது. அமெரிக்கா 2020 டிசம்பரிலேயே மொராக்கோவின் இறையாண்மையை ஏற்றிருந்தது.

இதன் தொடர்ச்சிதான் 2025 அக்டோபர் 31-ல் வந்த பாதுகாப்பு மன்றத் தீர்மானம் 2797. ஆதரவு 11, ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் நடுநிலை, அல்ஜீரியா வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. இத்தோடு வழக்கு முடிந்தது என்று சிலர் எழுதினார்கள், அது சரியல்ல. தன்னாட்சியைப் பேச்சின் அடிப்படையாக வைக்கச் சொன்ன தீர்மானம், சுயநிர்ணய உரிமையையும் அதே வரிகளில் வைத்திருக்கிறது. நிலத்தை மொராக்கோவிடம் எழுதிக்கொடுக்கவில்லை. லக்சம்பர்க் நீதிமன்றம் பார்த்ததும் யாருக்கு இறையாண்மை என்பதை அல்ல. மூன்றாவது நபரின் சம்மதம் இருக்கிறதா என்பதை. அரசுகள் தங்கள் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதால் அந்தக் கேள்வி கரைந்துவிடாது.

இனி கவனிக்க வேண்டியவை

1. புதிய ஏற்பாட்டின் மீதான வழக்கு. 'அனுமானித்த சம்மதம்' மறுத்துப் பேசும் தரப்புக்கும் பொருந்துமா என்பதற்கு நீதிமன்றம் நேரடியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

2. நிதி எங்கே போகிறது என்ற கணக்கு. தாக்லாவில் ஒரு குடிநீர்த் திட்டம் வந்தால் அதன் பலன் குடியிருப்போருக்கா, மக்களினத்துக்கா? எத்தனை யூரோ வடக்கிலிருந்து வந்தவருக்கு, எத்தனை சகராவிக்கு, எத்தனை தின்தூப்புக்கு என்று பிரித்துக் காட்டும் கணக்கு இல்லாவிட்டால், 'சரிபார்க்கத்தக்க பலன்' என்ற நிபந்தனை மறுபடியும் விழும்.

3. மீன்பிடிப் பேச்சு. தக்காளிக்குப் போட்ட அதே சூத்திரத்தைக் கடலுக்கும் போட ஒன்றியம் விரும்பும். கடலில் பலனை ஈடுகட்டிக் காட்டுவது இன்னும் கடினம். பிடித்த மீனை யாரும் திரும்ப விதைக்க முடியாது.

4. ஐ.நா. தூதுக்குழுவின் பணிக்காலம் 2026 அக்டோபர் 31 வரை. அதற்குள் பேச்சு தொடங்கி, பொலிசாரியோ தன் வாயால் ஒரு சம்மதமோ மறுப்போ தரும் நிலை வந்தால், அனுமானத்துக்கு வேலை இருக்காது.